அமைதி நேரத்தில் வந்த செய்திகள்

உங்கள் ஸ்டேஷனில் அந்த மூலையில் இருக்கும் குழாய்க்கு வாஷர் தேய்ந்திருக்கிறது, மேடம். எவ்வளவு இறுக்கினாலும் சொட்டத்தான் செய்யும். இறுக்க இறுக்க இன்னும் சீக்கிரம் தேயும். உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான் அத்தனை தண்ணீரையும் பிடித்து நிறுத்துகிறது. அதை மாற்றினால் போதும், சின்ன வேலை. உங்களுக்கு அந்தச் சத்தம் பழகியிருக்கும். எனக்கு அது கேட்டால் பேச வந்தது தொலைந்துவிடுகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. எங்கள் அணியில் சோதனை வேலை பார்த்த பெண் தன் வீட்டில் விழுந்து எழ முடியாமல் கிடந்தாள். உதவி கேட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். விடுமுறை முடியும்வரை ஏன் ஒருவர்கூடப் போகவில்லை? நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் பதில் புரியும். அதை விளக்குவது எனக்குப் பிடித்த விஷயமும்கூட.

கிடங்குகளில் எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருளை நாங்கள் செய்கிறோம். எங்களுக்கு அலுவலகம் கிடையாது. ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. எனக்கு வீடியோவில் அவர்கள் எல்லோரும் மார்புக்கு மேலேதான். யார் உயரம், யார் குட்டை என்றுகூடத் தெரியாது. அலுவலகம் என்றால் எட்டிப் பார்த்து ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளலாம். முகம் சரியில்லை என்றால் என்னப்பா ஆச்சு என்று கேட்கலாம். எங்களுக்கு அந்தச் சுவர், கதவு, எட்டிப் பார்க்கும் ஜன்னல் எல்லாமே லேப்டாப்பில் ஓடும் கருவிதான். பேசுவதற்கு, எழுதுவதற்கு, யார் எதைச் செய்கிறார் என்று பார்ப்பதற்கு. அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, ஒழுங்காக ஓட வைப்பது என் வேலை. வீடு கட்டித் தருகிறவன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு எங்கே இருக்க வேண்டும், அது எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவன்.

பேச்சில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, கதவைத் தட்டுவது. தட்டினால் உடனே எழுந்து வந்தாக வேண்டும். இன்னொன்று, மேசையில் சீட்டு வைத்துவிட்டுப் போவது. முடிந்தபோது எடுத்துப் படிக்கலாம். எந்தக் கருவியும் இந்த இரண்டில் ஒன்றின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். நான் முதலில் வாங்கிக் கொடுத்தது முழுக்க முழுக்கத் தட்டுகிற கருவி. எல்லாச் செய்திக்கும் மணி அடிக்கும். குளிக்கும்போது, சாப்பிடும்போது, குழந்தை தூங்கும்போது. படம் வரைகிற பையனை நாங்கள் கண்ணாடி என்று கூப்பிடுவோம். அவன் ஒரு பட்டனின் நிறத்தைக் கேட்பதற்கு 'அவசரம்' என்று போட்டு எல்லோரையும் எழுப்புவான். சர்வர் பார்க்கிறவரின் மனைவி வீடியோவுக்குள்ளேயே வந்து, "ஒண்ணு இந்த மிஷின் வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ரெண்டுல ஒண்ணச் சொல்லச் சொல்லுங்க உங்க ஆளை" என்று கேட்டுவிட்டுப் போனார். கணவர் யோசித்த நேரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இரண்டாவதாக வாங்கியது சீட்டு வைக்கிற கருவி. அதில் யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. வேலை அப்படியே நின்றது. மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"ரெண்டு டூல் சொதப்பியாச்சு. மூணாவதும் சொதப்புச்சுன்னு வைங்க, டூல மாத்த மாட்டேன். ஆளைத்தான் மாத்துவேன்."

என் வயதில் இந்தத் துறையில் வெளியே போனால் திரும்ப உள்ளே வருவது கஷ்டம், மேடம். வீட்டில் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் என்னுடனேயே இருந்தது. பயம் என்றால் நெஞ்சு படபடக்கும் என்பார்கள். எனக்கு அப்படி வராது. கை மட்டும் குளிர்ந்துபோகும்.

மூன்றாவது கருவியை மிகவும் யோசித்துத் தேர்ந்தெடுத்தேன். அதில் எனக்குப் பிடித்த மூன்று விஷயங்கள் இருந்தன.

முதலாவது, அமைதி நேரம். வேலை நேரம் முடிந்ததும், விடுமுறை நாட்களிலும், யார் என்ன எழுதினாலும் அது யாருக்கும் போகாது. வரிசையில் நிற்கும். அழைப்பும் போகாது. வேலை தொடங்கும்போது எல்லாம் வரிசைப்படி எல்லோருக்கும் போய்ச் சேரும். அணைக்கட்டின் மதகு மாதிரி. அவசரம் என்றால் அட்மின், அதாவது நான், மதகைத் திறக்கலாம், ஆனால் எத்தனை முறை திறந்தேன் என்பது மேலாளருக்குப் போகிற அறிக்கையில் வரும்.

இரண்டாவது, எழுதியதை யாராலும் அழிக்க முடியாது. எழுதியவராலும் முடியாது, அட்மினாலும் முடியாது. முன்பு ஒருவர் தான் சொன்னதை அழித்துவிட்டுப் பழியை இன்னொருவர் தலையில் போட்டார். அந்தச் சண்டைக்குப் பிறகு இதை நான்தான் வற்புறுத்தினேன்.

மூன்றாவது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. விசைப்பலகையில் கை இருந்தால் பச்சை. கொஞ்ச நேரம் கை படவில்லை என்றால் மஞ்சள். சிவப்பு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சிவப்பு மனிதரைப் பயமுறுத்தும்.

கருவியை அறிமுகம் செய்த கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும் ஆட்டவில்லை. அவளை நாங்கள் சல்லடை என்று கூப்பிடுவோம். அவளுக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். எதைக் கொடுத்தாலும் சலித்துக் கல்லைத் தனியே எடுத்து வைத்துவிடுவாள். நாங்கள் ஒரு மாதம் உழைத்துச் செய்ததை ஒரே காலைப்பொழுதில் உடைத்துக் காட்டி, "நல்லா இருக்குண்ணா. ஆனா ஓடல" என்பாள். தனியாக இருந்தாள். மொட்டை மாடியை ஒட்டிய ஒற்றை அறை. வீடியோவில் அவளுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கட்டிலும், எப்போதும் மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு பல்பும் தெரியும். "அந்த பல்ப மாத்தக் கூடாதா, எங்களுக்குக் கண்ணு வலிக்குது" என்று கண்ணாடி கேலி செய்வான். "உன் கண்ணாடிய மாத்து மொதல்ல" என்பாள்.

அந்தக் கூட்டத்தில் அவள் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"அண்ணா, லீவுல ஒருத்தர் வீட்ல கீழ விழுந்துட்டாங்கன்னு வைங்க. கைல இந்த லேப்டாப் மட்டும்தான் இருக்கு. என்ன பண்ணுவாங்க?"

"லேப்டாப் இருக்கற கைல போன் இருக்காதாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

"சரி. வரிசைல நிக்கற மெசேஜ யாராச்சும் பார்க்க முடியுமா? அட்மின்?"

"யாராலயும் முடியாது. மிஷின் மட்டும்தான் பார்க்கும்."

இது உண்மை இல்லை, மேடம். அட்மின் பார்க்கலாம். ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அது அமைதி ஆகாது, காவல் ஆகிவிடும். அவர்கள் நிம்மதிக்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

"அப்ப மெசேஜ் வரிசைல நிக்குதுன்னு எழுதினவங்களுக்கு ஒரு பதிலாவது வருமா?"

"தானா ஒரு பதில் வரும். செட் பண்ணிடறேன்."

"செட் பண்ணிட்டுச் சொல்லுங்க. நான் உடைச்சுப் பார்க்கறேன்."

அந்த நீண்ட விடுமுறைதான் கடைசிச் சோதனை என்று மேலாளர் முடிவு செய்தார். மதகு ஒருமுறைகூடத் திறக்கப்படாமல் விடுமுறை கழிந்தால் கருவி நிரந்தரம். நானும் நிரந்தரம். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் அமைதி நேரம் தொடங்கியது. விளக்குகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி அணைந்தன. பார்க்க அழகாக இருந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போவது மாதிரி.

தானாகப் போகும் பதிலை மட்டும் செட் பண்ண மறந்துவிட்டேன். மனிதன்தானே.

வரிசையில் ஒரு செய்தி வந்து நின்றால் என் லேப்டாப்பில் மட்டும் ஒரு சத்தம் வரும். அதையும் நானே தேர்ந்தெடுத்தேன். மணிச் சத்தம் வேண்டாம், மென்மையாக இருக்கட்டும் என்று ஒரு சொட்டுத் தண்ணீர் விழுகிற சத்தம். சனிக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது அது கேட்டது.

"கீழ விழுந்துட்டேன். யாராச்சும் இருக்கீங்களா?"

நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள். கூட்டத்தில் கேட்ட அதே கேள்வி. உடைத்துப் பார்க்கிறேன் என்று சொன்னவள். அவளுடைய வேலையே இதுதான். நிஜமாக நடப்பது போலவே எழுதுவாள். ஒருமுறை கிடங்கில் தீப்பிடித்தது போலச் சோதனைச் செய்தி அனுப்பியதில் சர்வர்காரர் வியர்த்துப்போய்விட்டார். பிறகு, "பயந்துட்டீங்களாண்ணா, டெஸ்ட்டுதான்" என்றாள். நான் அந்தச் செய்தியைப் பார்த்ததும் சிரித்தேன். பலே என்று நினைத்தேன். விடுமுறையில்கூட வேலை செய்கிறாளே என்று மரியாதை வந்தது.

ஆனால் தானாகப் போக வேண்டிய பதில் போகவில்லை. அதைத்தான் அவள் பிடிக்கப் போகிறாள் என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை மேலாளர் முன்னால், "அண்ணா, பதில் வரல, ஓடல" என்பாள். கை குளிர்ந்தது. அதனால் நானே மிஷினாகப் பதில் எழுதினேன். வரிசையில் நிற்கும் செய்திக்கு அட்மின் பதில் எழுதினால், அனுப்பியவர் திரையில் மட்டும் அது பெயர் இல்லாமல் உடனே தெரியும்.

"உங்கள் செய்தி பத்திரமாக இருக்கிறது. வேலை நேரம் தொடங்கியதும் போய்ச் சேரும். நல்ல ஓய்வு எடுங்கள்."

அவள் மறுபடி எழுதினாள். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாளாம். ஸ்டூல் சாய்ந்து, கட்டில் விளிம்பில் இடுப்பு மோதி விழுந்திருக்கிறாள். காலை அசைக்க முடியவில்லை. போன் அலமாரியின் மேலே சார்ஜில் இருக்கிறது, எட்டவில்லை. லேப்டாப்பைச் சார்ஜர் ஒயரைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறாள். கீழ் வீட்டுக்காரர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. லேப்டாப்பில் வேறு எதையும் திறக்க முடியவில்லை. அது உண்மைதான். கம்பெனி லேப்டாப்பில் வேலைக்கு வேண்டியது மட்டும்தான் திறக்கும். பாதுகாப்புக்காக மற்ற எல்லாவற்றையும் பூட்டி வைத்தவன் நான்தான்.

இவ்வளவு விவரமாக எழுதினாள் என்பதே என் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. ஒரு நல்ல சோதனையில் எல்லாக் கதவும் மூடியிருக்க வேண்டும். அவள் ஒவ்வொரு கதவாக மூடிக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுபடியும் அதே பதிலை அனுப்பினேன். நல்ல ஓய்வு எடுங்கள்.

பிறகு அவள் என்னைச் சோதித்தாள்.

அதை விளக்க வேண்டும், அழகான வேலை அது. முதலில் ஒரே செய்தியை மூச்சு விடாமல் இரண்டு முறை அனுப்பினாள். மிஷின் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாக, உடனே பதில் போடும். நான் அப்போது துணி காயப்போட மனைவிக்கு உதவிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் போட்டேன். சற்று நேரம் கழித்து அவள் ஒரு புள்ளி மட்டும் அனுப்பினாள். எழுத்தே இல்லை, வெறும் புள்ளி. கை தவறிப் பட்டிருக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

சொட்டு விழுந்தது.

"மிஷினா இருந்தா புள்ளிக்கும் பதில் போட்டிருக்கும். யாரோ படிச்சிட்டு இதுக்குப் பதில் வேணாம்னு முடிவு பண்றீங்க. அண்ணா, நீங்கதானே?"

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. வீடு வெளிச்சமாக இருந்தது. வெளியே யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. பிறகு நான் செய்தது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. அந்தப் புள்ளிக்குப் பதில் போட்டேன். உங்கள் செய்தி பத்திரமாக இருக்கிறது.

"இப்ப வருது பாருங்க பதில். அண்ணா, இது டெஸ்ட் இல்ல. சத்தியமா இல்ல. கால் மரத்துப்போச்சு. பயமா இருக்கு."

கூடவே ஒரு படம் வந்தது. லேப்டாப்பின் கேமராவில் எடுத்தது. எனக்கு அவள் எப்போதும் மார்புக்கு மேலேதான் தெரிவாள். இதில் தரையிலிருந்து தெரிந்தாள். பாதி முகம், கவிழ்ந்த ஸ்டூல், மேலே பல்பு இல்லாத வெறும் ஹோல்டர். உதடு வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அது சோதனை இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் மறைக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை, வெயில் இறங்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

நான் உடனே போனை எடுத்தேன். அவசர உதவிக்கான எண்ணைக்கூட அழுத்தினேன். பச்சைப் பட்டனை மட்டும்தான் அழுத்தவில்லை. எந்த வழியாகத் தெரிந்தது என்று கேட்பார்களே என்று தோன்றியது. வரிசையைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். யாராலும் பார்க்க முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அது போகட்டும், அதைச் சமாளிக்கலாம். ஆனால் தரையில் கிடந்த பெண்ணுக்கு நல்ல ஓய்வு எடுங்கள் என்று நான் என் கையால் எழுதியது அங்கே இருக்கிறது. ஒருமுறை இல்லை. அதை அழிக்க முடியாது. அழிக்க முடியாத கருவியைத் தேடித் தேடி வாங்கியவன் நான். அவள்கூட அன்று கூட்டத்தில், "அது ஒண்ணுதான்ணா இதுல எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் செய்யலாம் என்று போனைக் கீழே வைத்தேன். யோசிக்கிற ஒவ்வொரு பொழுதும் கேள்வி பெரிதாகிக்கொண்டே போகும் என்று அப்போது கணக்குப் போடவில்லை. மதியமே கூப்பிட்டிருந்தால் 'ஏன் பதில் எழுதினாய்' என்று மட்டும் கேட்டிருப்பார்கள். மாலையில் கூப்பிட்டால் 'மதியத்திலிருந்து என்ன செய்தாய்' என்பார்கள். மறுநாள் கூப்பிட்டால் கேட்கவே வேண்டாம். சேறு மாதிரி. நிற்க நிற்க உள்ளே இழுக்கும்.

சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. தண்ணீர் வேண்டும் என்று எழுதினாள். குளிர்கிறது என்று எழுதினாள். கூப்பிடுவது போல அண்ணா என்று மட்டும் எழுதினாள். அந்தச் சத்தத்தை நிறுத்திவிடலாம், ஒரே பட்டன். ஆனால் நிறுத்தினால் அவள் எழுதுகிறாளா இல்லையா என்று தெரியாது. அது இன்னும் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி, "என்ன சத்தம் அது, சொட்டு சொட்டுன்னு? பைப்ப மூடாம வந்துட்டேனா?" என்று சமையலறைக்குப் போய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தாள். வந்து பார்த்துவிட்டு, "லீவு நாள்லயும் அதையே மொறச்சுப் பார்த்துட்டு இருக்கீங்களே. மூடி வைங்க, யாரு செத்துப்போயிடப் போறாங்க" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, மேடம். அவளைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள்.

அன்று மதியம் சல்லடையின் அக்கா எனக்குப் போன் செய்தார். விடுமுறையில் ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கம்பெனி எல்லோர் வீட்டுக்கும் கொடுத்திருந்த தாளில் என் எண்தான் இருந்தது. அவர் வெகுதூரத்தில் இருக்கிறார். குரல் அவளுடையது மாதிரியே இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"தம்பி, தொந்தரவு பண்றேன்னு நெனச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமைன்னா காலைலயே பேசிடுவா. இன்னிக்குப் போன் எடுக்கவே மாட்டேங்கறா. மனசு ஒரு மாதிரி இருக்கு. உங்க கம்ப்யூட்டர்ல அவ இருக்காளான்னு கொஞ்சம் பார்க்க முடியுமா?"

நான் பார்த்தேன். விளக்கு பச்சையாக இருந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

"பச்சை விளக்கு எரியுதுக்கா. கீபோர்ட்ல கை இருந்தாத்தான் அது எரியும். ஆன்லைன்லதான் இருக்கா."

"அப்பாடா. லீவு நாள்லயுமா வேலை? வேலைன்னு வந்தா அவளுக்குச் சோறு தண்ணி நெனப்பே இருக்காது தம்பி. நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

"சொல்றேன்க்கா."

"நல்லா இருப்பீங்க."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நீங்கள் கருவியின் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் விளக்கு பச்சைதான்.

அன்று பொழுது சாய்வதற்குள் அது மஞ்சளானது. மஞ்சள் என்றால் லேப்டாப் திறந்திருக்கிறது, கை படவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம். தூங்குகிறாள் என்று வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை முழுவதும் மஞ்சள். சார்ஜர் செருகியிருந்ததால் லேப்டாப் அணையவில்லை. சொட்டுச் சத்தம் நின்றுவிட்டது. நின்றால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வீட்டில் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடிப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, வேலை தொடங்கச் சற்று முன்பே, முன்கூட்டியே குறித்து வைத்த வீடியோக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். குளித்து, தலை வாரி, விடுமுறைக் களையோடு. மேலாளர் அறிக்கையைப் படித்தார். "மதகு ஒரு தடவை கூடத் திறக்கல. சூப்பர். எனக்கு மூணு நாள் போனே அடிக்கல, வீட்ல என்னை அடையாளம் கண்டுபிடிச்சுட்டாங்க" என்று சிரித்தார். கண்ணாடி, "சல்லடை எங்க? மஞ்சள்ல இருக்கா பாருங்க, தூங்குமூஞ்சி" என்றான். அப்போது வேலை நேரம் தொடங்கியது. மதகு திறந்தது. வரிசையில் இருந்த எல்லாம், எழுதிய வரிசையிலேயே, ஒவ்வொருவர் திரையிலும் போய் விழுந்தன. அவள் எழுதியது, அதன் கீழே நான் எழுதியது. மதகு திறந்து எல்லோருக்கும் போகும்போது, தானாகப் போன பதில் என்றால் மிஷின் என்று பெயர் வரும். கையால் எழுதியது என்றால் எழுதியவர் பெயர் வரும். அதைக் கவனிக்காமல் விட்டது என் தவறு.

படிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா, மேடம்? கண் மட்டும் இடமிருந்து வலமாக ஓடும். சின்னச் சின்னக் கட்டங்களில் எல்லோருடைய கண்ணும் ஒரே மாதிரி ஓடியது. பிறகு ஒவ்வொருவராக நின்றார்கள். சர்வர்காரர்தான் முதலில் போனை எடுத்தார். கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கண்ணாடி இல்லாமல் அவனை அன்றுதான் பார்த்தேன். சின்னப் பையன் முகம்.

"அண்ணா, அவதான் நீங்கதானேன்னு கேட்டிருக்காளே" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விளங்காமல் கேட்டான்.

நான் அவர்களுக்குக் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அமைதி காக்க வேண்டிய நேரத்தில் காத்தது. போக வேண்டிய நேரத்தில் போனது. ஒரு வரிகூடத் தொலையவில்லை. கருவியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கை குளிர்ந்து, மைக் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம்கூடத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக. அதைக் கேட்ட பிறகுதான் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று நினைவு வந்தது. அவளுடைய கடைசிச் செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். எல்லோரும் படித்துவிட்டார்கள். ஆனால் அதை நான் எப்போது படித்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை.

"அண்ணா, நீங்க பயந்துட்டீங்கன்னு தெரியுது. பரவால்ல. நீங்க மிஷினாவே இருங்க. அக்காவுக்கு மட்டும் ஒரு போன் பண்ணிடுங்க, வேற யார் மாதிரியாவது பேசிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்ணா."

அக்கா போன் செய்தபோது இந்தச் செய்தி என் திரையில் திறந்தே இருந்தது. நான் அவரைக் கூப்பிடக்கூடத் தேவைப்படவில்லை. அவரே கூப்பிட்டு, அவள் இருக்கிறாளா என்று கேட்டார். இதைப் படித்துக்கொண்டேதான் அவருக்குப் பச்சை விளக்கு என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், இதுதான் முழுப் பதில். அவளோடு நான் வேலை பார்த்த இத்தனை வருடத்தில், ஒரு குறையைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் அவள் விட்டதே கிடையாது. நண்பன் செய்தது என்று விடமாட்டாள். மேலாளர் செய்தது என்றும் விடமாட்டாள். கெஞ்சினாலும் விடமாட்டாள். சொல்ல மாட்டேன் என்று அவள் எழுதியது வலியில், பயத்தில். எழுந்து உட்கார்ந்துவிட்டால் சொல்லித்தான் ஆவாள். அணியில் வேறு யார் அப்படி எழுதியிருந்தாலும் நம்பி அக்காவிடம் சொல்லியிருப்பேன், மேடம். அவளுடைய நேர்மையில் எனக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.